கொக்கும் குதிரையும் தரும் முன்னெச்சரிக்கை
மூத்த குடியிருப்பாளர்களுக்கான விளக்கக் கையேடு

கொசு என்றதும் நம் எல்லாருக்கும் டெங்கிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். வீட்டில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கொசு பரப்பும் நோய் டெங்கி ஒன்று மட்டுமன்று. மனிதர்களை எட்டுவதற்கு முன்பே பறவைகளிடமும் விலங்குகளிடமும் சுற்றிவரும் சில கிருமிகளும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியும் வெஸ்ட் நைல் கிருமியும் அத்தகையவை.

இந்த நோய்கள் சிங்கப்பூரில் மிக அரிது. ஆகவே பயப்படத் தேவையில்லை. ஆனால் அவை அரிதாகவே இருக்க வேண்டுமானால் யாராவது தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கொக்கின் இரத்தத்தையும் காட்டுப்பன்றியின் இரத்தத்தையும் ஏன் சோதிக்கிறார்கள், நோயுற்ற குதிரையை ஏன் உற்றுப் பார்க்கிறார்கள், இதில் உங்கள் பங்கு என்ன என்பதை இக்கையேடு விளக்குகிறது.

கிருமி சுற்றிவரும் பாதை

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி கொக்கு, நாரை, இராக்கொக்கு போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் வாழ்கிறது. அந்தப் பறவைகளுக்குப் பெரும்பாலும் நோய் அறிகுறி எதுவும் தெரிவதில்லை. ஆனால் சில நாள்களுக்கு அவற்றின் இரத்தத்தில் கிருமி ஏராளமாக இருக்கும். அந்த நேரத்தில் கடிக்கும் கொசு கிருமியை எடுத்துக்கொள்கிறது. பிறகு அது வேறொரு பறவையைக் கடிக்கும்போது கிருமியும் இடம் மாறுகிறது. பறவையும் கொசுவுமாக இந்தச் சுற்று ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

இதில் பன்றிக்குத் தனி இடம் உண்டு. பன்றியின் உடலில் இக்கிருமி விரைவாகப் பெருகும். பல பன்றிகள் ஒரே இடத்தில் இருந்தால், அங்குள்ள ஏராளமான கொசுக்கள் கிருமியைப் பெற்றுவிடும். அவற்றில் சில, பக்கத்து வீட்டு மனிதர்களையும் கடிக்கும். மாடு அப்படியன்று. கொசு மாட்டைக் கடித்தாலும் கிருமி மாட்டின் உடலில் அவ்வளவாகப் பெருகுவதில்லை.

இந்நோயைப் பரப்புவது டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அன்று. கியூலெக்ஸ் இனக் கொசுக்களே இதைப் பரப்புகின்றன. ஏடிஸ் பகலில் கடிக்கும். வீட்டுக்குள் இருக்கும் சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். கியூலெக்ஸ் அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும் கடிக்கும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் வகை நெல் வயல், புல் மண்டிய குட்டை, சதுப்புநிலம் போன்ற இடங்களில் முட்டையிடும்.

குதிரை ஏன் முக்கியம்?

கொசு வழியாகக் குதிரைக்கும் மனிதருக்கும் இக்கிருமி தொற்றலாம். இருவருக்கும் மூளை பாதிக்கப்படலாம். ஆனால் குதிரையின் இரத்தத்திலோ மனிதரின் இரத்தத்திலோ கிருமி போதிய அளவு பெருகுவதில்லை. அதனால் அவர்களைக் கடிக்கும் கொசுவுக்குக் கிருமி கிடைப்பதில்லை. கிருமியின் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. குதிரையிடமிருந்து குதிரைக்காரருக்கு நோய் ஒட்டாது. ஒருவரிடமிருந்து அவர் வீட்டில் உள்ள மற்றவருக்கும் ஒட்டாது.

குதிரை நோயைப் பரப்பாது என்றால் அதை ஏன் கவனிக்க வேண்டும்? குதிரை இரவும் பகலும் திறந்த வெளியிலும் கொட்டடியிலும் நிற்கிறது. மனிதரைப்போல் கதவைச் சாத்திக்கொள்ளவோ கொசுவிரட்டி பூசிக்கொள்ளவோ அதனால் முடியாது. ஆகவே அந்த வட்டாரக் கொசுக்களிடம் கிருமி இருந்தால், மனிதருக்கு முன்பே குதிரை நோயுறக்கூடும். ஒரு குதிரை தள்ளாடி நடந்தாலோ, காய்ச்சல் கண்டு தீனி எடுக்காமல் இருந்தாலோ, பார்வை தடுமாறினாலோ கால்நடை மருத்துவர் இரத்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்வதற்குக் காரணம் இதுவே. அது குதிரைக்கான சிகிச்சை மட்டுமன்று. சுற்றியுள்ள மனிதர்களுக்கான எச்சரிக்கை மணியும்கூட.

லிட்டில் இந்தியாவுக்குக் குதிரை புதிதன்று. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணமே 1840களில் அதன் அருகே அமைந்த குதிரைப் பந்தயத் திடல்தான். பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், பின்னர் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது. ஆனாலும் குதிரையேற்ற மன்றங்களில் இன்றும் குதிரைகள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் ஊழியர்களும் அருகில் வசிப்பவர்களும் இந்த எச்சரிக்கையால் பயன்பெறுகிறார்கள்.

சிங்கப்பூரில் நடந்த மாற்றம்

உங்களில் பலருக்குக் கம்பத்து வாழ்க்கை நினைவிருக்கும். பொங்கோல் போன்ற வட்டாரங்களில் பன்றிப் பண்ணைகள் இருந்தன. அந்தக் காலத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இங்கே அறியப்பட்ட நோயாக இருந்தது. பண்ணைக் கழிவுநீர், நீர்நிலை, கொசு, பன்றி எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் கிருமி பெருக வாய்ப்பு அதிகம்.

பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் 1984இல் அறிவித்தது. முக்கியக் காரணம் நிலமும் தண்ணீர்த் தூய்மையும். 1990களின் தொடக்கத்திற்குள் பண்ணைகள் மறைந்துவிட்டன. கிருமி பெருகுவதற்கு ஏற்ற பெரிய இடம் இல்லாமல் போனதால் மூளைக்காய்ச்சலும் மிக அரிதானது.

அத்துடன் கிருமியும் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அப்படி நினைத்துச் சும்மா இருந்துவிடவில்லை. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பறவைகளின் இரத்தத்தையும் காட்டுப்பன்றிகளின் இரத்தத்தையும் சேகரித்துச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளியானது. பன்றி வளர்ப்பு முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன பிறகும், இக்கிருமி இங்குள்ள விலங்குகளிடையே குறைந்த அளவில் தொடர்ந்து சுற்றிவருவதற்கான சான்று அதில் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? மனிதர்களுக்கான அபாயம் குறைவு. ஆனால் அபாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மனிதர்களிடம் நோய் மிக அரிதாக இருக்கும் காலத்திலேயே இது தெரிய வந்தது என்பதுதான் கண்காணிப்பின் பயன்.

இரத்தம் சொல்லும் செய்தி

கிருமி உடலுக்குள் வந்தால் உடல் அதை எதிர்க்க எதிர்ப்பொருள் என்னும் ஒன்றை உருவாக்கும். கிருமி சில நாளில் மறைந்துவிடலாம். ஆனால் எதிர்ப்பொருள் நீண்ட காலம் இரத்தத்தில் தங்கியிருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி போய்விட்டாலும் வருகையேட்டில் அவருடைய கையெழுத்து இருப்பது போன்றது அது. பறவையைப் பிடித்துச் சிறிதளவு இரத்தம் எடுத்து, காலில் வளையம் பூட்டி, மறுபடி பறக்கவிடுகிறார்கள். அந்த இரத்தத்தில் எந்தக் கிருமியின் ‘கையெழுத்து’ உள்ளது என்பதை ஆய்வகம் பார்க்கிறது.

எந்தப் பறவையின் இரத்தம் என்பதும் முக்கியம். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்கு ஆண்டுதோறும் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. சில பறவைகள் சைபீரியாவிலிருந்து புறப்பட்டு ஆஸ்திரேலியா வரை செல்கின்றன. அப்படி வந்த ஒரு பறவையிடம் எதிர்ப்பொருள் இருந்தால், அது வழியில் வேறு நாட்டில் தொற்றியதாகவும் இருக்கலாம். ஆனால் சிங்கப்பூரை விட்டு எங்கும் போகாத பறவையிடம் எதிர்ப்பொருள் இருந்தால் அது இங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். அதிலும் அண்மையில் பிறந்த குஞ்சிடமோ குட்டியிடமோ இருந்தால், தொற்று அண்மையில் நடந்தது என்று அறியலாம்.

குதிரையிடம் ஒரு சிக்கல் உண்டு. மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட குதிரையின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும். ஆகவே ஒரு முறை சோதித்தால் மட்டும் போதாது. குதிரையின் தடுப்பூசி விவரத்தையும் நோய் அறிகுறியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகிய மூன்றின் கிருமிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணன் தம்பியின் முகச்சாயல்போல அவற்றின் எதிர்ப்பொருள்களும் ஒன்றுபோலத் தெரியும். முதல் சோதனையில் ஐயம் எழுந்தால், எந்தக் கிருமியை அந்த இரத்தம் உண்மையில் செயலிழக்கச் செய்கிறது என்று இரண்டாவது சோதனையில் உறுதிப்படுத்துவார்கள்.

யார் இதைச் செய்கிறார்கள்?

தேசியச் சுற்றுப்புற வாரியம் கொசுக்களைக் கவனிக்கிறது. உங்கள் வீவக அடுக்குமாடியின் நடைபாதையில் கறுப்பு நிறத்தில் உருளை வடிவமான சிறிய பொறியைப் பார்த்திருப்பீர்கள். முட்டையிட வரும் ஏடிஸ் கொசுவைப் பிடிப்பதற்காக வைக்கப்பட்டது அது. அதை நகர்த்தவோ அதில் இருக்கும் தண்ணீரைக் கொட்டவோ வேண்டாம். கொசு பற்றிய ஆய்வுகளையும் கிருமிச் சோதனைகளையும் வாரியத்தின் சுற்றுப்புறச் சுகாதார ஆய்வுக்கழகம் மேற்கொள்கிறது.

பறவை, காட்டுப்பன்றி, குதிரை போன்றவற்றின் நலத்தையும் நோயையும் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவு. மனிதர்களிடம் காணப்படும் நோயை மருந்தகங்களும் மருத்துவமனைகளும் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கின்றன. கொசு, விலங்கு, மனிதர் மூன்று பக்கமும் கிடைக்கும் தகவலை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும்.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் சிலர் மூளைக்காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். முதலில் அது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. அதே நாள்களில் நகரில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்ஸ் விலங்குத் தோட்டத்துப் பறவைகளும் இறந்தன. அங்கே பணியாற்றிய விலங்கு நோயியல் நிபுணர் டிரேசி மெக்னமாரா, செயின்ட் லூயிஸ் கிருமி பறவைகளைக் கொல்வதில்லை. ஆகவே இது வேறு கிருமியாக இருக்கலாம் என்று வலியுறுத்தினார். அவர் சொன்னது சரி. அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை காணப்படாத வெஸ்ட் நைல் கிருமி அது. அவ்வாண்டு அங்கே 7 பேர் உயிரிழந்தார்கள். லாங் ஐலண்ட் பகுதியில் குதிரைகளும் நோயுற்றன. செத்த காகத்தையும் நோயுற்ற மனிதரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது.

நம் பக்கத்திலேயே இன்னொரு பாடம் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். பன்றி, காய்ச்சல், மூளை பாதிப்பு என்று எல்லாம் பொருந்தியதால் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றார்கள். குழந்தைகளைவிடப் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கடைசியில் அது கொசுவால் பரவும் நோயே அன்று, பன்றிகளிடமிருந்து நேரடியாகத் தொற்றிய நிப்பா என்னும் புதிய கிருமி என்று தெரிந்தது. மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுப்புக்கூட ஊழியர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் உயிரிழந்தார்.

இரண்டு நிகழ்வுகளும் ஒன்றையே சொல்கின்றன. அறிகுறியை மட்டும் பார்த்து ஊகிப்பது போதாது. எந்தக் கிருமி, எந்த விலங்கு, எந்த வழி என்று சோதித்து உறுதிசெய்தால்தான் சரியான தடுப்பு நடவடிக்கை எடுக்க முடியும்.

லிட்டில் இந்தியாவில் 2008

கண்காணிப்பினால் என்ன நன்மை என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. 2008 ஜனவரியில் லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட்டில் சிக்குன்குன்யா நோய் கண்டறியப்பட்டது. சிங்கப்பூருக்குள்ளேயே அந்நோய் பரவியது அதுதான் முதல் முறை. சிக்குன்குன்யா பறவை வழியாக வரும் நோயன்று. ஏடிஸ் கொசு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரப்புவது. ஆனால் அதைக் கண்டுபிடித்த விதம் இங்கே கவனிக்கத்தக்கது.

அப்போது இந்தியாவிலும் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் அந்நோய் பரவியிருந்தது. அது இங்கேயும் வரலாம் என்று எண்ணி, ஆய்வகமும் மருந்தகங்களும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தன. நோயாளி ஒருவருக்கு நோய் உறுதியானதும், அக்கம்பக்கத்தில் இருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கடைவீடுகளிலும் கால்வாய்களிலும் கொசு முட்டையிடும் இடங்களைத் தேடி அழித்தார்கள். மொத்தம் 13 பேருக்குத் தொற்றியதோடு அந்தப் பரவல் அடங்கியது. அவ்வளவு கூட்டமான வட்டாரத்தில் அது 13 பேரோடு நின்றதற்கு, சீக்கிரம் தெரிந்துகொண்டதும் குடியிருப்பாளர்களும் கடைக்காரர்களும் கதவைத் திறந்து ஒத்துழைத்ததும் பெரிதும் உதவின.

மூத்தோர் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இராது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகும். ஆனால் கடுமையானவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்க நேரிடலாம். பிழைத்தவர்களில் பலருக்குக் கைகால் செயலிழப்பு, பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு போன்ற பாதிப்புகள் தங்கிவிடுகின்றன. வெஸ்ட் நைல் கிருமியால் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்றவை உள்ளவர்களுக்கும் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

இக்கிருமிகளை அழிக்கும் தனி மருந்து இல்லை. காய்ச்சலைத் தணித்து, வலிப்பைக் கட்டுப்படுத்தி, மூச்சுக்கு உதவி செய்வதே சிகிச்சை. ஆகவே சீக்கிரம் மருத்துவரிடம் போவது முக்கியம்.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

• திடீரென்று கடும் காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும்
• கழுத்தை மடக்க முடியாதபடி விறைப்பு
• வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம்
• பேச்சு குழறுதல், ஆளை அடையாளம் தெரியாமல் போதல், நேரம் இடம் தெரியாமல் குழம்புதல்
• கைகால் நடுக்கம், வலுவிழப்பு, வலிப்பு

“வயதாகிவிட்டது, அதனால்தான் மறதியும் குழப்பமும்” என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துவிடக்கூடும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் காய்ச்சலோடு இன்று குழம்பிப் பேசினால், அது முதுமை அன்று, அவசரம். 995ஐ அழையுங்கள். இதைப் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும், வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருத்துவரிடம் கடந்த சில வாரங்களில் எந்த ஊருக்குப் போனீர்கள், வயல்வெளியிலோ பண்ணையிலோ தங்கினீர்களா, இதற்கு முன் டெங்கி வந்ததுண்டா, மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டதுண்டா ஆகியவற்றைச் சொல்லுங்கள். இரத்தச் சோதனை முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள இவை மருத்துவருக்கு உதவும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

இருபது காசு நாணயத்தின் அளவு தண்ணீர் இருந்தாலே ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். நம் வீடுகளில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் சில இடங்கள் இவை:

• கறிவேப்பிலை, துளசிச் செடிகளின் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு. அதில் தேங்கிய நீரை அடிக்கடி கொட்டுங்கள். தொட்டி மண் இறுகியிருந்தால் கிளறிவிடுங்கள்.
• நடைபாதையிலோ கூடத்திலோ பயன்படுத்தாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி. அதைத் துடைத்து மூடி வையுங்கள்.
• பூ மிதக்கவிடும் உருளி, பூசையறைச் செம்பு, மணி பிளாண்ட் வைத்த புட்டி. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.
• வளர்ப்புப் பறவைக் கூண்டின் தண்ணீர்க் கிண்ணம்.
• துணி காயவைக்கும் கம்புகளைச் செருகும் குழாய்கள். பயன்படுத்தாதபோது மூடி வையுங்கள்.
• வாளிகள். கவிழ்த்து வையுங்கள், விளிம்பையும் துடையுங்கள்.

கியூலெக்ஸ் கொசு இரவில் கடிக்கும் என்பதால், அந்தியில் பூங்காவிலோ நீர்நிலை ஓரத்திலோ நடப்பவர்கள் முழுக்கைச் சட்டையும் நீளமான காற்சட்டையும் அணிவது நல்லது. வேட்டியோ சேலையோ உடுத்துபவர்கள் கணுக்காலிலும் பாதத்திலும் கொசுவிரட்டி பூசிக்கொள்ளலாம்.

பறவைகளும் நீங்களும்

கொக்கையோ நாரையையோ கண்டால் விரட்டவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பறவையைப் பார்ப்பதால் மூளைக்காய்ச்சல் வராது. கொசு கடித்தால்தான் வரும்.

செத்த பறவையையோ நோயுற்ற பறவையையோ வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் போன்ற வேறு நோய்களும் அதில் இருக்கலாம். ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால், தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். எந்த இடம், எத்தனை பறவை, எப்போது பார்த்தீர்கள் என்று சொன்னால் போதும். நியூயார்க்கில் காகங்கள் இறந்ததும் இப்படித்தான் ஒரு பெரிய உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

புறாவுக்கு அரிசி போடுவதைப் பலர் புண்ணியமாகக் கருதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் காட்டு விலங்குகளுக்கும் புறாக்களுக்கும் வேண்டுமென்றே உணவிடுவதைச் சட்டம் 2020 முதல் தடைசெய்கிறது. முதல் முறை பிடிபட்டால் $5,000 வரை அபராதம் விதிக்கப்படலாம். புறாக்கள் பெருகினால் எச்சமும் குப்பையும் பெருகும். அதனால் துன்பப்படுவது உங்கள் அண்டைவீட்டார்தான்.

ஊருக்குப் போகிறீர்களா?

திருமணம், கோயில் விழா, பொங்கல் என்று தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கி வருபவர்கள் உங்களில் பலர். இந்தியாவில் மனிதர்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில்தான். இன்றும் நெல் விளையும் சில மாவட்டங்களில் இந்நோய் உண்டு. கேரளத்தில் வெஸ்ட் நைல் காய்ச்சலும் காணப்படுகிறது. 2019இல் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறுவன் அதனால் உயிரிழந்தான்.

ஆகவே பயணத்திற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

• கிராமத்தில் பல வாரம் தங்குவதாக இருந்தால், புறப்படுவதற்கு ஒன்றரை மாதத்திற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. உங்களுக்கும் உடன் வரும் பேரப்பிள்ளைகளுக்கும் அது தேவையா என்று கேளுங்கள். வெஸ்ட் நைலுக்கு மனிதர்களுக்கான தடுப்பூசி இல்லை; கொசுக்கடியைத் தவிர்ப்பதே வழி.
• வயலை ஒட்டிய வீட்டில் தங்கினால் கொசுவலைக்குள் தூங்குங்கள். மாலையில் திண்ணையில் உட்காரும்போது கொசுவிரட்டி பூசிக்கொள்ளுங்கள்.
• திரும்பி வந்த இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். ஊருக்குப் போய்வந்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சில கேள்விகள்

பன்றி இறைச்சியோ கோழி இறைச்சியோ சாப்பிட்டால் மூளைக்காய்ச்சல் வருமா?
வராது. இந்நோய் கொசுக்கடியால் மட்டுமே மனிதருக்கு வருகிறது.

எனக்கு முன்பே டெங்கி வந்திருக்கிறது. எனக்கு இது வராதா?
டெங்கி வந்தது மூளைக்காய்ச்சலிலிருந்து பாதுகாப்புத் தரும் என்று நம்பியிருக்கக் கூடாது. இரண்டும் வேறு நோய்கள்.

சிங்கப்பூரிலேயே இருப்பவர்கள் தடுப்பூசி போட வேண்டுமா?
இங்கே வழக்கமாகப் போடும் தடுப்பூசிகளில் இது இல்லை. நோயுள்ள நாடுகளுக்குச் செல்பவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசலாம்.

பறவைகளிடம் கிருமி இருக்கிறது என்றால் ஏன் அவற்றை அகற்றக்கூடாது?
பறவைகள் எல்லை பார்த்துப் பறப்பதில்லை. சிலவற்றை அகற்றினால் வேறு பறவைகள் வரும். நம்மால் கட்டுப்படுத்த முடிந்தது கொசுவைத்தான். பறவைகள் இருப்பதால்தான் அபாயம் கூடுகிறதா குறைகிறதா என்று முன்கூட்டியே அறியவும் முடிகிறது.

வட்டாரத்தில் கொசு அதிகமாக இருந்தால் யாரிடம் சொல்வது?
தேசியச் சுற்றுப்புற வாரியத்தை 6225 5632 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச வசதியாக இருந்தால் பிள்ளைகளையோ அண்டைவீட்டாரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

கொசுவின் கடியை நாம் தடுக்கலாம். கிருமி எங்கே இருக்கிறது என்பதைப் பறவையும் குதிரையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் செய்தி பயன்பட வேண்டுமானால் நீங்களும் பார்த்ததைச் சொல்ல வேண்டும்: நடைபாதையில் தேங்கிய தண்ணீர், பூங்காவில் இறந்து கிடக்கும் பறவைகள், குழப்பத்தோடு வரும் காய்ச்சல். இவற்றுள் எதைக் கண்டாலும் அன்றைக்கே தெரிவியுங்கள்.